மூன்று செயலிகளுக்கு, திரையின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஒரே ஸ்டைல்ஷீட்டை, அதாவது சிஎஸ்எஸ் கோப்பை, பொது லைப்ரரியாக வைத்துக்கொள்வது சரியா, அல்லது நகலெடுத்து ஒட்டுவதே போதுமா?

லைப்ரரியாக வைப்பதே சரி. ஆனால் அந்தக் கோப்பை ஏதோ ஒரு சர்வரில் போட்டுவிட்டு, எல்லாச் செயலிகளும் ஒரே முகவரியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், சிறிய குழு, ஒரே வாடிக்கையாளர், செயலிக்குச் செயலி நிறம் மாறிப்போன பட்டன்கள் என்ற நிலையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் காட்பாடியில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். ஆம்பூர்ப் பக்கம் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு ஆர்டர், கிடங்கு, கேட் பாஸ் என மூன்று செயலிகளைப் பராமரிக்கிறோம். எங்களுக்கு முன்பு அந்த வேலையைப் பார்த்தவர்கள், பொது சிஎஸ்எஸ் கோப்பை ஆர்டர் செயலியின் சர்வரிலேயே வைத்து, மற்ற இரண்டும் அங்கிருந்தே எடுக்கும்படி செய்திருந்தார்கள். ஆர்டர் படிவம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று யாரோ பட்டனின் பேடிங்கை, அதாவது எழுத்தைச் சுற்றியுள்ள உள் இடைவெளியை, கூட்டியிருக்கிறார்கள். கேட் பாஸ் செயலியில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனாலும் வாயிற்காவலர் கையிலிருந்த சிறிய டேப்லெட்டில் ‘அனுமதி’ பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. சென்னைத் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டிய லாரி வாயிலில் நிற்க, பிரவுசர் சேமித்துவைத்திருந்த பழைய நகல் (கேஷ்) காரணமாக அலுவலகக் கணினியில் மட்டும் பழைய தோற்றமே வந்துகொண்டிருந்ததால், "இங்கே நன்றாகத்தானே தெரிகிறது" என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பராமரிப்பு எங்களிடம் வந்ததும் அந்தப் பொதுக் கோப்பை, ஒவ்வொரு செயலியும் வெர்ஷனைக் குறிப்பிட்டு நிறுவிக்கொள்ளும் என்பிஎம் பேக்கேஜாக மாற்றினோம். பேக்கேஜ்களை வைத்து வழங்கும் தனி ரெஜிஸ்ட்ரிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு டேக் (பெயர்ச்சீட்டு) போட்டு, அந்த டேக்கையே ஒவ்வொரு செயலியும் சார்புப் பட்டியலில் குறிப்பிட்டால் போதும். ரெஜிஸ்ட்ரியிலிருந்து நிறுவினால், என்பிஎம் வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் தானாகவே ஒரு தொப்பிக் குறியைப் (^) போட்டு, சிறு புதுப்பிப்புகளையும் ஏற்கத் தயாராகிவிடும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். விதிகளைப் பொருத்தப் பயன்படும் ஒரு கிளாஸின் பெயரை மாற்றினாலோ நீக்கினாலோ வெர்ஷனின் முதல் எண்ணைக் கூட்டுவது எங்கள் குழுவில் கட்டாயம்.

லைப்ரரிக்குள் நிறம், இடைவெளி, எழுத்தளவு ஆகியவற்றை கஸ்டம் பிராப்பர்ட்டிகளாகவும் (பெயரிட்டு வைத்த மதிப்புகள்), பட்டன், உள்ளீட்டுப் பெட்டி, அட்டவணை போன்ற சிலவற்றுக்கான விதிகளையும் மட்டுமே வைத்திருக்கிறோம். பக்க அமைப்பு அந்தந்தச் செயலியின் சொந்த விஷயம். லைப்ரரி முழுவதையும் ஒரு @லேயருக்குள், அதாவது சிஎஸ்எஸ்ஸின் முன்னுரிமை அடுக்கு ஒன்றுக்குள், அடைத்துவிட்டோம். லேயருக்கு வெளியே எழுதிய சாதாரண விதி, லேயருக்குள் இருப்பதை எப்போதும் வெல்லும் என்பதால், கேட் பாஸ் செயலி தன் பட்டனை மாற்றிக்கொள்ள, ஒரு விதியை வலுக்கட்டாயமாக முன்னிறுத்தும் !இம்பார்ட்டன்ட் தேவைப்படுவதில்லை. இந்த வசதி 2022 முதல் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இருக்கிறது. லைப்ரரிக்குள் மட்டும் !இம்பார்ட்டன்ட் எழுதாதீர்கள், அங்கே வரிசை தலைகீழாகி, லேயருக்குள் இருப்பதே வெல்லும்.

எழுத்துருவில்தான் அதிகம் அலைந்தோம். சிஎஸ்எஸ்ஸாகக் கம்பைல் ஆகும் சாஸ் மொழிக் கோப்பில் எழுதும் யூஆர்எல் பாதையை சாஸ் திருத்துவதில்லை. லைப்ரரிக் கோப்புறையைக் கணக்கில் வைத்து எழுதிய பாதை, செயலியின் சிஎஸ்எஸ்ஸோடு சேர்ந்து கம்பைல் ஆனபின் வேறெங்கோ தேடும். ஆகவே கம்பைல் செய்த சிஎஸ்எஸ்ஸையும் எழுத்துருக்களையும் ஒன்றாகவே வெளியிடுகிறோம். இன்னொன்று, ஆங்கிலத்துக்குப் போதுமான 1.2 வரி உயரத்தில், பெட்டிக்கு வெளியே வழிவதை (ஓவர்ஃப்ளோ) மறைத்திருந்த பட்டன்களில் ‘கிடங்கு’, ‘நீக்கு’ என்ற சொற்களின் மேல்கொக்கி வெட்டுப்பட்டது. தமிழுக்கு மட்டும், மொழியைப் பார்த்து விதியைப் பொருத்தும் :லாங் தேர்வியைக் கொண்டு 1.6 என லைப்ரரியிலேயே வைத்தோம். மூன்று செயலிகளிலும் சரியாகிவிட்டது.

எல்லாச் செயலிகளின் நிரலையும் ஒரே களஞ்சியத்தில் வைக்கும் மோனோரெப்போ இருந்தால் இவ்வளவும் எதற்கு என்று சிலர் கருத்துப் பெட்டியில் வருவார்கள் என்று தெரியும். எல்லாச் செயலிகளும் ஒரே நாளில் வெளியாகும் குழுவுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. எங்கள் கிடங்குச் செயலி கையிருப்புக் கணக்கெடுப்பு முடியும்வரை தொடக்கூடாதது. ஆர்டர் செயலியோ வாரந்தோறும் மாறுவது. சென்னையில் பெரிய குழு வைத்திருப்பவர்கள் இதைச் சொன்னால் ‘வடிவமைப்பு அமைப்பு’ என்று மதிப்பார்கள், வேலூரிலிருந்து சொன்னால் மூன்று செயலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பார்கள். வாடிக்கையாளரும் புதிய திரைக்குப் பணம் தருவாரே தவிர, இந்த வேலைக்குத் தனியாக பில் போட விடமாட்டார். நாங்கள் அடுத்த திரையின் மதிப்பீட்டிலேயே இதற்கான நேரத்தையும் சேர்த்துவிடுகிறோம்; நீங்களும் அப்படியே செய்யுங்கள்.