‘எனக்குக் கணக்கு வராது’ என்கிற பிள்ளைக்கு: கேள்வி பதில்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, என் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

டீச்சர், என் மகன் 7ஆம் வகுப்பு. ஒன்றரை வருஷமாக டியூஷன் போகிறான். இன்னமும் “எனக்குக் கணக்கு வராதும்மா” என்று புத்தகத்தை மூடிவிடுகிறான்.

முதலில் அந்த டியூஷனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் அன்று நடந்த பாடத்தையே அங்கேயும் திரும்ப நடத்தினால் பலன் இருக்காது. அவனுக்கு விட்டுப்போன இடம் எங்கோ பின்னால் இருக்கும்.

என்னிடம் வந்த ஒரு பையனும் ஏழாவதுதான். 402இல் 178 போனால் மீதி எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். 376 என்று போட்டான். தப்பு என்று சொல்லாமல், “எப்படிப் போட்டே, சொல்லு கேப்போம்” என்றேன். “ரெண்டிலேர்ந்து எட்டு போகாது டீச்சர். அதனால எட்டிலேர்ந்து ரெண்டை எடுத்தேன். அடுத்து சைபர்லேர்ந்து ஏழு போகாது, அதனால ஏழு.” பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதி உண்டாக்கி, வருஷக்கணக்கில் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்திருக்கிறான். கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லித்தந்த நாட்களில் அவன் எதையோ தவறவிட்டிருக்கிறான், அவ்வளவுதான். யோசிக்கத் தெரியாத பிள்ளையா இது?

நாலு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து, “எனக்கு 178 ரூபாய் கொடு” என்றேன். முழித்தான். பிறகு “சில்லறை வேணும் டீச்சர்” என்றான். ஒரு நூறைக் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாய்த் தாள்கள் வாங்கினான். அதில் ஒன்றை மாற்றிப் பத்து ஒற்றை ரூபாய். எனக்குக் கொடுத்தது போக மிச்சத்தை எண்ணினால் 224. நோட்டில் இருந்த 376ஐ அவனே அடித்தான். அதன்பின் மூன்று வாரம் கழித்தலைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. “இன்னும் ரெண்டு கணக்கு கொடுங்க” என்று அவன் கேட்ட அன்றுதான் ஏழாவது புத்தகத்தைத் திறந்தோம்.

ஒன்று மட்டும் கவனம். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். தங்கச்சி பார்த்துச் சிரித்துவிட்டால் போச்சு. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்.

பேத்தி என்கிட்ட இருக்கா. அப்பா அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க? (பக்கத்து வீட்டுத் தம்பி எழுதித் தந்தது)

நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம்மா. அவள் உங்களுக்குச் சொல்லட்டும். ரேஷன் கடையிலிருந்து போனுக்கு மெசேஜ் வருமே, “அரிசி எத்தனை கிலோன்னு போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு தாயி” என்று கேளுங்கள். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கதை ஒன்றை நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதி, எழுதியதை உங்களுக்கே வாசித்துக் காட்டட்டும். தான் படித்துச் சொன்னதை நம்பி ஆத்தா கடைக்குப் போகிறாள் என்றால், அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பிராக்ரஸ் கார்டு எது?

ராத்திரி போன் செய்யும் மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடுத்ததும் “எத்தனை மார்க்?” வேண்டாம். “இன்னிக்கு ஆத்தாவுக்கு என்ன படிச்சுக் காட்டினே?” என்று கேட்கட்டும்.

மகன் 10ஆவது, மாநிலப் பாடத்திட்டம். அரையாண்டில் கணக்கில் 22. “எப்படியும் ஃபெயில்தான்” என்று விட்டுவிட்டான்.

35க்கு இன்னும் 13 மார்க்தான். அவனோடு உட்கார்ந்து வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள். ஒரு மார்க் வினாக்கள் 14. கடைசியில் 43ஆவது, 44ஆவது கேள்விகள், அதாவது வடிவியல் வரைதலும் வரைபடமும், தலா 8 மார்க். ஒரு மார்க் வினாக்களையும் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தாலே 30. தினமும் ஒரு படம், முதலில் வடிவொத்த முக்கோணம், பிறகு தொடுகோடு. பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு நிதானமாக வரையட்டும். முடித்த படத்தைப் பார்த்தாலே சரியாக வந்திருக்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும். சோர்ந்த பிள்ளைக்கு நான் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

அறிவியலில் செய்முறைக்கு 25 மார்க். அதில் 15, எழுத்துத் தேர்வின் 75இல் 20 எடுத்தாலே தேர்ச்சி. ஒருவேளை தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு, அந்த வருஷம் வீணாகாது. இதைப் பரீட்சைக்கு முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா பையன் 470 எடுத்தான் என்று சொன்னால்தானே இவனுக்கு ரோஷம் வரும்?

வராது ஐயா. நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருத்திய விடைத்தாள்களை மார்க் வரிசைப்படி பெயர் சொல்லிக் கொடுப்பேன். கடைசியாக வந்து வாங்கும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டுவாள். பிறகு பேப்பர் கொடுக்கும் நாளென்றால் பள்ளிக்கே வராமல் நின்றாள். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன், இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் அவனுடைய போன மாத நோட்டை எடுத்து இந்த மாத நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

அக்கா, நான் கல்லூரி மாணவி. தெருவில் 4ஆவது படிக்கும் பையனுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறேன். தனி எழுத்தெல்லாம் தெரிகிறது. ‘கொக்கு’ வந்தால் திணறுகிறான்.

நல்ல காரியம் செய்கிறாய் தங்கச்சி. ‘கொ’வைப் பார். கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். வாயிலோ க் முதலில் வந்து, பிறகுதான் ஒ. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் படிக்கும் பிள்ளை அங்கே தடுமாறத்தான் செய்யும். ஒரு வாரம் முழுக்க ஒற்றைக்கொம்பு மட்டும்: செடி, நெல், தென்னை. அடுத்த வாரம் இரட்டைக்கொம்பு. அதற்குப் பிறகு ‘கொ’. அவன் நின்றால் உடனே எடுத்துக் கொடுக்காதே, மனசுக்குள் ஐந்து எண்ணு. பாதி தடவை அவனே சொல்லிவிடுவான்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், ஒரே வகுப்பானாலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரித்தார்கள். நீயும் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்.

நாலைந்து மாதம் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல். இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் தருகிறார்கள். மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அவன் வீட்டில் இதைப் பக்குவமாகச் சொல், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.