குழுவின் பொதுத் தளத்துக்கு விதிமுறைகள் வகுப்பதை எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கோப்புகளைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ள உதவும் மைக்ரோசாஃப்ட் சேவையான ஷேர்பாயிண்ட்டில் உள்ள உங்கள் குழுவின் தளத்துக்கு விதிமுறைகள் எழுதும் பொறுப்பு வந்திருப்பதாகவும், எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பலர் கோப்புகளுக்குப் பெயரிடும் முறையிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது எழுதுவதானால், தளத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பதைத்தான் முதல் வரியாக எழுதுவேன்.

நான் முன்பு பணியாற்றிய குழுவின் தளத்துக்கு ஒரே ஒருவர்தான் உரிமையாளர். அவர் வேலையை விட்டுச் சென்றபின், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அனுமதி வழங்க எங்களில் எவராலும் இயலவில்லை. தகவல் தொழில்நுட்பப் பிரிவு தலையிடும் வரை அவர்கள் கோப்புகளை மின்னஞ்சலில் கேட்டு வாங்கித் திருத்தியதால், ஒரே ஆவணம் நான்கைந்து வடிவங்களில் உலவியது. எது சரியானது என்று கண்டறியவே பல நாட்கள் ஆயின. எனவே குறைந்தது இரண்டு உரிமையாளர்கள் இருக்க வேண்டும் என்பதையும், பொறுப்பை முறையாக ஒப்படைத்த பிறகே ஒருவர் விலகலாம் என்பதையும் உறுதியாக எழுதி வையுங்கள்.

அடுத்தது அனுமதி. உரிமையாளர்கள், உறுப்பினர்கள், பார்வையாளர்கள் என்ற மூன்று குழுக்களை ஷேர்பாயிண்ட்டே உருவாக்கித் தருகிறது. பெரும்பாலான தேவைகளுக்கு அவையே போதும். அவசரத்துக்கு ஒருவருக்கு மட்டும் ஒரு கோப்புறையைத் திறந்துவிட்டால், தளத்திலிருந்து அந்தக் கோப்புறைக்கு வரும் அனுமதித் தொடர்ச்சி அறுந்து, அதற்கெனத் தனி அனுமதி உருவாகிவிடுகிறது. ஒரு நூலகத்தில், அதாவது தளத்தில் கோப்புகளைச் சேமிக்கும் பகுதியில், இத்தகைய தனி அனுமதிகள் 50,000 வரை இருக்கலாம் என்றாலும், 5,000க்குள் வைத்துக்கொள்ளவே மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கிறது. என் அனுபவத்தில், இருபதைத் தாண்டினாலே யாருக்கு எது திறந்திருக்கிறது என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. இரகசியமாக இருக்க வேண்டியவற்றுக்குத் தனித் தளம் அமைப்பதே நல்லது.

பழையவற்றை நீக்குவது யார், எப்போது என்பதையும் விட்டுவிடாதீர்கள். நீக்கிய கோப்பு மறுசுழற்சித் தொட்டியில் 93 நாட்கள் வரைதான் இருக்கும் என்பதால், எந்த ஆவணங்களைச் சட்டப்படி எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெயரிடும் முறைக்கு இரண்டு வரிகள் போதும்: தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது; முந்தைய பதிப்புகளைத் தளமே சேமித்துவைப்பதால், கோப்பின் பெயரில் ‘இறுதி’ என்று சேர்க்காமல் இருப்பது.

எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். விதிவிலக்கு தேவைப்படுபவர் யாரை அணுக வேண்டும், எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கோப்பை மீண்டும் மின்னஞ்சலில்தான் அனுப்புவார்.