ஜெல் பேக்கா, வெறும் பனிக்கட்டியா?

கேள்வி: பயணத்துக்கான குளிர்பெட்டியில் வைக்க ஜெல் பேக் வாங்கப் போகிறேன். பனிக்கட்டியைவிட அது அதிக நேரம் தாங்குமா? ‘மைனஸ் 21 டிகிரி’ என்று அச்சிட்டது இன்னும் நல்லதா?

பதில்: எடை சமமாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜெல் பேக்கில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் குழகுழப்பாக்க ஒரு பொடி கலந்திருக்கும். பை கிழிந்தால் ஓடி வழியாது என்பதுதான் ஆதாயம்.

பெட்டியைக் குளிராக வைத்திருப்பது உருகுதல். 1 கிலோ பனிக்கட்டி 0 டிகிரியில் தண்ணீராக மாறுவதற்குள் 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதுவரை அதன் வெப்பநிலை ஏறாது. உருகி முடிந்தபின் ஒவ்வொரு டிகிரிக்கும் 4.2 கிலோஜூல்தான். பெட்டிக்குள் 10 வாட் வெப்பம் கசிந்தால், அரை கிலோ பேக் உருகி முடிய சுமார் நாலரை மணி நேரம். அதனால் அட்டையில் உள்ள ‘48 மணி நேரக் குளிர்ச்சி’யை விட்டுவிட்டு நிகர எடையைப் பாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு காலியாக விட்டுத் தண்ணீர் நிரப்பி உறையவைத்தாலே வேலை நடக்கும். உறையும்போது தண்ணீரின் பருமன் 9 சதவீதம் கூடும். தளும்ப நிரப்பினால் பாட்டில் வெடிக்கும்.

மைனஸ் 21 என்பது அதன் உருகுநிலையானால், உள்ளே இருப்பது அநேகமாக உப்புக் கரைசல். வீட்டு ஃப்ரீசர் வழக்கமாக மைனஸ் 18 வரைதான் போகும். அதில் எத்தனை நாள் வைத்தாலும் அது உறையாது. உறையாத பேக்கில் உருகவும் எதுவும் இல்லை. கூடுதல் காசு கொடுத்து குளிர்ந்த உப்புத் தண்ணீரைச் சுமப்பீர்கள்! ஓர் இரவு வைத்துவிட்டுக் குலுக்குங்கள், தளும்பினால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: இன்சுலினை எடுத்துச்செல்ல எந்த பேக் சரி?

பதில்: திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை வேண்டும். உறைந்துவிட்டால் அது வீண். இளகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேக்கைக் குப்பியோடு ஒட்டி வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே கட்டி நகரும் சத்தம் கேட்டபிறகு பெட்டியில் வையுங்கள். அப்போது அது 0 டிகிரிக்கு வந்திருக்கும். அதன்பின்னும் இடையில் துணியோ அட்டையோ இருக்கட்டும். 5 டிகிரியில் உருகும் பேக்குகளும் கிடைக்கின்றன, இதற்கு அவையே பொருத்தம். ஆனால் அவற்றையும் ஃப்ரீசரில் உறையவைத்தால் எடுத்ததும் மைனஸ் 18தான்; ஓரங்கள் இளகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: உலர் பனிக்கட்டி?

பதில்: இன்சுலினுக்கு வேண்டவே வேண்டாம். மைனஸ் 78.5 டிகிரியில் அது திரவமாகாமல் நேரே கார்பன் டை ஆக்சைடு வாயுவாகிறது. 1 கிலோவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு வரும். இறுக மூடிய பெட்டி வெடிக்கலாம். கண்ணாடி ஏற்றிய காரில் மூச்சுத் திணறும். உறைந்த பொருளை உறைந்தபடியே கொண்டுபோக மட்டும் வாங்குங்கள், வெறும் கையால் தொடாதீர்கள்.