பறக்கவிடும் முன் ஒரு சோதனை

கேள்வி: அறுவடை முடிந்த வயலில் மாதிரி விமானம் பறக்கவிட உள்ளேன். ரேடியோ கட்டுப்பாடு எட்டும் தூரத்தைத் தரையிலேயே சோதிக்க இயலுமா?
– வாசகர், தோவாளை

பதில்: இயலும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் டிரான்ஸ்மிட்டர்கள் (கையில் வைத்து விமானத்தை இயக்கும் கருவிகள்) பலவற்றில், அலையின் ஆற்றலை வேண்டுமென்றே குறைக்கும் 'ரேஞ்ச் செக்' வசதி உண்டு. விமானத்தை மர முக்காலியில் வைத்து, புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் அந்த வசதியை இயக்கியபடி ஏறத்தாழ 30 மீட்டர் (கையேடு வேறு தூரம் சொன்னால் அதுவே சரி) விலகிச் சென்று, வால் சுக்கானும் இறக்கை மடல்களும் நடுக்கமின்றி அசைகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு மோட்டாரை ஓடவிட்டு மீண்டும் பாருங்கள். பலரும் சோம்பலால் விட்டுவிடுவது இதைத்தான். அப்போது மட்டும் நடுங்கினால், மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அல்லது அவற்றின் கம்பிகளிலிருந்து வரும் மின் இரைச்சலையே (ரேடியோ தொடர்பில் குறுக்கிடும் தேவையற்ற மின் அலைகளையே) முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈரமிக்க மரங்கள் இந்த அலைகளை உறிஞ்சுவதால், தென்னந்தோப்பின் ஓரத்தைத் தவிர்த்துத் திறந்தவெளியில் சோதியுங்கள்.