உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்டர்நேட்டிவ் ராக், மெட்டல் பேண்டுகள் எவை? பழசு, புதுசு ரெண்டும் சொல்லுங்க

கேள்விய பாத்ததும் ஒரு லிஸ்ட் போட்டுரலாம்னுதான் உக்காந்தேன். இருபது பேரு எழுதி முடிச்சப்ப அது யாருக்கும் எதுவும் சொல்லாதுன்னு தோணுச்சு, அழிச்சுட்டேன். எனக்கு இந்த இசை ஏன் இவ்ளோ முக்கியம்னு சொல்லணும்னா எங்க அப்பாவோட கையில இருந்துதான் ஆரம்பிக்கணும்.

அப்பா திருச்சில துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில ஷீட் மெட்டல் வேலை பாத்தாரு. நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் தகடு வெட்டுற ஷியரிங் மெஷின்ல அவரோட இடது கை ஆள்காட்டி விரல் நுனி போயிருச்சு. நகத்தோட சேத்து போச்சு. ரெண்டு மாசம் சட்டை பட்டன அம்மாதான் போட்டு விட்டாங்க, அப்புறம் அவரே பழகிட்டாரு, திரும்ப அதே மெஷினுக்கே வேலைக்குப் போனாரு. அதப் பத்தி எங்க வீட்ல யாரும் பேசினதே இல்ல. அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

பெரியப்பா பையன் அப்ப சென்னையில காலேஜ். 2009ல ஐஐடி மெட்ராஸோட சாரங் விழாவுல ஸ்வீடன் மெட்டல் பேண்டு ஓபெத் வந்து வாசிச்சாங்க, அண்ணன் அங்க போயிட்டு தொண்டை கட்டி ஊருக்கு வந்தான், பேச்சே வரல, ஆனா கையில ஒரு பென் டிரைவ் இருந்துச்சு. அதுல முதல் ஃபோல்டரே பிளாக் சபாத். அண்ணன்தான் அந்தக் கதைய சொன்னான், அந்த பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி கதைய. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஐயோமி இங்கிலாந்துல பர்மிங்காம் பையன், 17 வயசு, ஷீட் மெட்டல் ஃபேக்டரில வேலை. பேண்டோட டூர் போறதுக்காக வேலைய விட்டுட்டான், அன்னைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் இனிமே போகலன்னு இருந்திருக்கான், அம்மாதான் ஒத்துக்கிட்ட வேலைய முடிச்சுட்டு வாடான்னு திருப்பி அனுப்பினாங்க. பிரெஸ் மெஷின்ல வழக்கமா நிக்கிற ஆள் வரலன்னு பழக்கமே இல்லாத இவன நிக்க வச்சுட்டாங்க. வலது கை நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போச்சு. இடது கை பழக்கம் உள்ளவன், அதனால கிட்டார் கம்பிய அழுத்துற கையே அதுதான். டாக்டருங்க இனிமே வாசிக்க முடியாதுன்னுட்டாங்க. அப்ப ஃபேக்டரி ஃபோர்மேன் ஒருத்தர் வீட்டுக்கு வந்து ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெக்கார்ட் ஒண்ண குடுத்து கேக்கச் சொல்லியிருக்காரு, தீ விபத்துல இடது கையில ரெண்டு விரல் முடங்கிப் போயி, மீதி ரெண்டு விரல வச்சே பெரும்பாலும் வாசிச்ச ஜாஸ் கிட்டார் மேதை அவரு. அதக் கேட்டதுக்கு அப்புறம் இவன் பாத்திரம் கழுவுற லிக்விட் பாட்டில உருக்கி, உருண்டையாக்கி, சால்டரிங் அயர்ன்ல ஓட்டை போட்டு, தேய்ச்சு, மேல பழைய ஜாக்கெட் தோல ஒட்டி விரலுக்கு தொப்பி செஞ்சுக்கிட்டான். கம்பி கனமா இருந்தா வலிக்கும், அந்தக் காலத்துல மெல்லிசு செட்டு கடையில கிடைக்கல, பேஞ்சோ கம்பிய மாட்டினான். பின்னாடி 1971ல பிளாக் சபாத்தோட மூணாவது ஆல்பத்துல கம்பிய இன்னும் தளர்த்தி சுருதிய மூணு அரைசுரம் கீழ இறக்கிட்டான். மெட்டலோட அந்த கனமான சத்தம் இருக்கே, தரையில இருந்து எழும்பி வர்ற மாதிரி, அதுல பெரும் பங்கு வெட்டுப்பட்ட ரெண்டு விரலோடது.

இத நான் அப்பாகிட்ட சொன்னேன். அந்த விபத்து நடந்து அஞ்சு வருஷத்துல அவர் கைய பத்தி நான் பேசின முதல் பேச்சே அதுதான். அவர் கேட்டது என்ன தெரியுமா, "தேய்ச்சான்னியே, எமரி பேப்பர்லயா?" கொஞ்ச நேரம் தன்னோட விரல திருப்பித் திருப்பி பாத்துட்டு, தோலு ஒட்டுறது நல்ல யோசனைதான், வெறும் பிளாஸ்டிக்னா கம்பி வழுக்கும்னாரு. அவ்ளோதான் பேசினோம். எனக்கு அது போதும்.

பிளாக் சபாத் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்துச்சு, ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணது. முதல் பாட்டு மழை சத்தம், மணி சத்தத்தோட ஆரம்பிச்சு மூணே சுரத்துல ஒரு ரிஃப் வரும், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி. ஐரோப்பாக்காரங்க அந்த சுரங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளிக்கு 'இசையில் சாத்தான்'னு அர்த்தம் வர்ற லத்தீன் பேரு வச்சிருந்தாங்க. நம்ம கணக்குல அது என்னன்னு கீபோர்டு கத்துக்கிட்டப்ப போட்டுப் பாத்தேன், ஷட்ஜத்துல இருந்து பிரதி மத்யமம். கல்யாணி ராகத்துல தினம் கேக்குற மத்யமம். அங்க பயமுறுத்துற சுரம் இங்க கல்யாண வீட்டு நாதஸ்வரத்துல வருது. மெட்டல்னா சாத்தான் இசைன்னு யாராவது சொன்னா எனக்கு இதுதான் ஞாபகம் வரும், சுரத்துல சாத்தானும் கிடையாது சாமியும் கிடையாது, எவ்ளோ மெதுவா, எவ்ளோ கனமா, எத பக்கத்துல வச்சு வாசிக்கிறாங்கங்கிறதுதான் எல்லாம்.

ஆனா நெஞ்சுல கை வச்சு ஒரே ஒரு பேண்டு சொல்லுன்னா நான் ஆலிஸ் இன் செயின்ஸ்தான் சொல்வேன். சியாட்டில்காரங்க. நிர்வானா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன் மூணு பேரும் அதே ஊரு சூழல்ல வந்தவங்கதான், மூணு பேரும் எனக்குப் பிடிக்கும், நிர்வானால 1991 ஆல்பத்த விட ஸ்டீவ் ஆல்பினி ரெக்கார்ட் பண்ண 1993 ஆல்பம்தான் எனக்கு உசத்தி, ஆனா அவங்கள பத்தி இங்க நிறைய பேர் எழுதியிருப்பாங்க. ஆலிஸ் இன் செயின்ஸ் வேற. அவங்க பாதி மெட்டல், பாதி வேற என்னமோ. லேன் ஸ்டேலி, ஜெர்ரி கேன்ட்ரெல் ரெண்டு பேரும் சேந்து பாடுவாங்க. பொதுவா ரெண்டாவது குரல்ங்கிறது முதல் குரலுக்கு மெத்தை போடுற மாதிரி இனிமையா அடியில இருக்கும். இங்க அப்படி இல்ல, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உரசிக்கிட்டே போகும், எது மேல எது கீழன்னு ஹெட்ஃபோன்ல கேட்டாலும் சில இடத்துல பிரிக்க முடியாது. ஒருத்தன் தனியா புலம்பினா கேக்க கஷ்டமா இருக்கும், ரெண்டு பேரு அதையே சேந்து சொல்லும்போது கேக்குற நாமளும் மூணாவது ஆளா பக்கத்துல உக்காந்துடுறோம்.

1992ல வந்த டர்ட் ஆல்பத்துல ரூஸ்டர்னு ஒரு பாட்டு. ஜெர்ரி தன்னோட அப்பாவ பத்தி எழுதினது. அவர் வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்தவரு, அங்க நடந்தத பையன்கிட்ட பேசமாட்டாரு. ரூஸ்டர்ங்கிறது அவரோட பட்டப்பேரு. அப்பா சொல்லாதத மகன் அவர் எடத்துல நின்னு, 'நான்'னு அவர் குரல்லயே எழுதினான். அதோட வீடியோல அந்த அப்பாவே வந்து பேசுவாரு. பிளஸ் டூ லீவுல முதல் தடவ அந்த வீடியோ பாத்தப்ப அப்பா உள்ரூம்ல தூங்கிட்டிருந்தாரு, கை கட்டில் ஓரமா தொங்கிட்டிருந்துச்சு. அன்னைக்குக் கேட்ட மாதிரி வேற எந்தப் பாட்டையும் நான் கேட்டதில்ல.

1994 ஜனவரியில ஜார் ஆஃப் ஃபிளைஸ்னு ஒரு ஈபி, அதாவது சின்ன ஆல்பம் போட்டாங்க, ஒரு வாரத்துக்குள்ள ஸ்டுடியோல உக்காந்து எழுதி வாசிச்சு முடிச்சது, அமெரிக்க பில்போர்ட் 200 பட்டியல்ல நேரா முதல் இடத்துல வந்து உக்காந்த முதல் ஈபி அது. கத்தலே இல்ல, பாதிக்கு மேல அகூஸ்டிக் கிட்டார்தான். மெட்டல் பிடிக்காதுன்னு சொல்ற யாருக்கும் நான் முதல்ல இதத்தான் குடுப்பேன். அப்புறம் 1996 ஏப்ரல் 10 அன்பிளக்டு கச்சேரி, அகூஸ்டிக்கா வாசிக்கிறது, ரெண்டரை வருஷம் கழிச்சு மேடை ஏறினாங்க. லேன் ரொம்ப இளைச்சுப் போயி, கருப்புக் கண்ணாடி போட்டு உக்காந்திருப்பாரு. ஒரு பாட்டு ஆரம்பத்துல வரிய தவறவிட்டு நிறுத்தி மறுபடி ஆரம்பிப்பாரு. ஆனா குரல், அந்தக் குரல் மட்டும் அப்படியே இருக்கும், ஜெர்ரி ஒவ்வொரு வரியிலயும் அவர தாங்கிப் பிடிக்கிற மாதிரி பாடுவாரு. போதைப் பழக்கத்தால லேன் 2002 ஏப்ரல் 5ல இறந்தாரு, நிர்வானா பாடகர் கர்ட் கோபேன் இறந்த அதே தேதி, எட்டு வருஷம் கழிச்சு. தனியா இருந்த வீட்ல, ரெண்டு வாரம் யாருக்கும் தெரியாம. ரெண்டு குரலா பாடுன மனுஷன் அப்படிப் போயிருக்கக் கூடாதுன்னு இன்னைக்கும் மனசு கேக்கமாட்டேங்குது. 2009ல வில்லியம் டுவால் பாட, மறுபடி ஆல்பம் போட்டாங்க, லேன நெனச்சு எழுதின கடைசிப் பாட்டுல எல்டன் ஜான் வந்து பியானோ வாசிச்சிருக்காரு. லேன் இல்லாத ஆலிஸ் இன் செயின்ஸ் தேவையான்னு கேக்குறவங்க அந்த ஒரு பாட்ட கேட்டுட்டு சொல்லட்டும்.

தாளம் பிடிக்கிறவங்களுக்கு டூல், மெஷுகா ரெண்டு பேண்டும் பெரிய விருந்து. டூல் டிரம்மர் டேனி கேரி ஆலோக் தத்தாங்கிற தபலா கலைஞர்கிட்ட முறையா கத்துக்கிட்டவரு. மெஷுகா வடக்கு ஸ்வீடன்ல உமியோ ஊரு, அவங்க வேலை எனக்கு விளங்கினதே தாளத்த வாயால சொல்ற நம்ம கொன்னக்கோல் வழியாத்தான். சிம்பல்ல ஒரு கை நிதானமா நாலு நாலா போட்டுட்டிருக்கும், காலும் கிட்டாரும் அஞ்சு ஏழுன்னு வேற கணக்குல போகும், எங்கயோ வழி தவறிப் போச்சுன்னு நெனக்கிறப்ப எல்லாம் ஒரே இடத்துல வந்து விழும். கையில ஆதி தாளம் போட்டுக்கிட்டு வாயால தகதகிட தகதகிடன்னு சொல்லிப் பாருங்க, அந்த இழுபறி உடனே புரியும். மிருதங்கம் கத்துக்கிற என் தங்கச்சிக்கு ஒரு மெஷுகா பாட்டு போட்டேன், ரெண்டாவது தடவையே சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்குற இடத்துக்கு, சரியா கை தட்டிட்டா. என்னால பத்து தடவ கேட்டும் முடியல.

புதுசுல கோஜிரா. பிரான்ஸ்காரங்க, அண்ணன் ஜோ பாடுறாரு, தம்பி மரியோ டிரம்ஸ். 2024 ஜூலை 26 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவுல கான்சியர்ஜெரி கட்டடத்து ஜன்னல்கள்ல நின்னு வாசிச்சாங்க, ராணி மரி அந்துவானெத்த சிறை வச்சிருந்த அதே இடம், கூட ஓப்பரா பாடகி மரினா வியோட்டி. உலகமே பாத்துட்டிருக்கிற விழாவுல மெட்டல ஓரமா ஒளிச்சு வைக்காம நடுவுல வச்சாங்க, நான் சோஃபால இருந்து எழுந்தே நின்னுட்டேன். அந்தப் பாட்டுக்கு 2025ல கிராமியும் கிடைச்சுது. கனடாவோட ஸ்பிரிட்பாக்ஸ் கண்டிப்பா கேளுங்க, கோர்ட்னி லபிளான்ட் ஒரே மூச்சுல உறுமலும் தேனுமா மாறுவாங்க, அது எப்படின்னு எனக்கு இன்னும் ஆச்சரியம். ஸ்லீப் டோக்கன் இப்ப எல்லா இடத்துலயும் ஓடுது, முகமூடி போட்டு பேரே சொல்லாம வாசிக்கிறாங்க, 2025 ஆல்பம் அமெரிக்காவுல முதல் இடம். எனக்கு அவங்க 2023 ஆல்பம்தான் பிடிச்சிருக்கு, புதுசுல கனம் குறைஞ்சு பாப் கூடிருச்சு. டெஃப்டோன்ஸ பழசுல சேக்கவா புதுசுல சேக்கவான்னு தெரியல, 2000த்துல வந்த வைட் போனிய கேட்டு மயங்கினவன் 2025 ஆகஸ்ட்ல வந்த ஆல்பத்தையும் அதே மாதிரி கேட்டுட்டிருக்கேன், இருபத்தஞ்சு வருஷத்துல அவங்க சத்தத்துக்கு வயசே ஆகல.

கடைசியா ஒண்ணு. 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்துல பிளாக் சபாத் பழைய நாலு பேரும் இருபது வருஷம் கழிச்சு ஒண்ணா வாசிச்சாங்க, பாடகர் ஓசி ஆஸ்போர்ன் வளந்த தெருவுக்குப் பக்கத்துலயே. பார்க்கின்சன் நோயால அவரால நிக்க முடியல, சிம்மாசனம் மாதிரி நாற்காலில உக்காந்தே பாடினாரு, பதினேழே நாள்ல இறந்துட்டாரு. காசு கட்டி ஸ்ட்ரீம் வாங்கி வச்சிருந்தேன், மறுநாள் ஞாயித்துக்கிழமை காலையில டிவில போட்டேன். அப்பா பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. ஐயோமிய கிட்டக்க காட்டினப்ப "இவரா அந்தப் பையன்?"னு கேட்டாரு. ஆமாப்பா, 77 வயசுன்னேன். பேப்பர மடிச்சு வச்சுட்டு நாற்காலிய டிவிகிட்ட இழுத்துப் போட்டு உக்காந்தாரு, கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு அந்த வலது கையையே பாத்தாரு. நாலு பாட்டு. நடுவுல அம்மா காபி கொண்டுவந்து வச்சது ஆறியே போச்சு.