ரத்தப் பரிசோதனையில் வினைச்சொல்லா?

கேள்வி: ஹங்கேரியில் டெப்ரெட்சென் நகரில் படிக்கிறேன். ஓயாத தும்மல், தோல் அரிப்பு என்று ரத்தம் கொடுத்தேன். ஹங்கேரிய மொழியில் வந்த முடிவை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'மொத்த வினைச்சொல் 240' என்கிறது. மொழி வகுப்பிலும் இதே சொல்தான் வருகிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை, எழுத்துகள் மட்டுமே ஒன்று. உங்கள் தாளில் இருப்பது ஐஜிஇ (IgE), அதாவது இம்யூனோகுளோபுலின் ஈ. ரத்தத்தில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் நோயெதிர்ப்புப் புரதம். அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் 1966, 67-ல் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். 1968-ல் ஒரே பெயர் சூட்டப்பட்டது.

பெரியவர்களுக்குச் சுமார் 100 வரை இயல்பு என்று பல ஆய்வகங்கள் கொள்கின்றன. 240 என்பது அதிகம்தான், ஆனால் பயப்பட வேண்டாம். ஒவ்வாமை, ஆஸ்துமா, தோல் அழற்சி, குடற்புழு எதனாலும் கூடலாம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை இந்த எண் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

வகுப்பில் வருவது 'இகெ' (ige). ஹங்கேரியச் சொல். வினைச்சொல் என்று பொருள். பைபிளில் 'வார்த்தை மாம்சமானது' என்ற இடத்திலும் இதுதான் நிற்கிறது. அதிலிருந்து ஒரு குடும்பமே பிறக்கிறது. 'இகெஇடோ' என்றால் வினையின் காலம். 'இகெகோட்டோ' என்றால் வினையோடு கட்டப்படும் முன்னொட்டு. இந்த இரண்டாவதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஈர்' என்றால் எழுது. 'மெக்' சேர்ந்தால் எழுதி முடி, 'அலா' சேர்ந்தால் கையெழுத்துப் போடு. நாம் 'எழுதிவிடு', 'எழுதிவை' என்று வினைக்குப் பின்னால் ஒட்டுவதில் ஒரு பகுதியை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். தமிழர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்பது என் நம்பிக்கை.

சரி, தாளில் எப்படிப் பிரித்தறிவது? புரதத்துக்கு முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பெரியவை, நடுவில் இருப்பது சிறியது. பக்கத்தில் எண்ணும் அலகும் இருக்கும். எல்லாமே பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தால்தான் குழப்பம். அப்போது சுருக்கத்தை விட்டுவிட்டு, இம்யூனோகுளோபுலின் ஈ என்று முழுப் பெயரையே செயலியில் தட்டுங்கள்.