மழைக்கும் பனிக்கும் நடுவே நம் வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் அக்டோபர் வந்ததும் செடிகளை வெட்டி, வைக்கோல் போர்த்தி, தோட்டத்தையே மூடிவிடுகிறார்கள். நானும் எல்லாவற்றையும் கவாத்து செய்துவிடட்டுமா?
(சத்துவாச்சாரி வாசகி)

வேண்டாம்மா, கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அங்கே உறைபனி விழுந்து மண் கல்லாகிவிடும், அதனால் மூடுகிறார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் ஊரில் செடிகள் படுகிற பாடெல்லாம் கோடையில்தான். இலையுதிர் காலம் என்று நமக்கு ஒன்று உண்டென்றால் அது மாசியில் வேப்பமரம் இலை கொட்டும்போது. ஐப்பசி தொடங்கி தை முடியும் வரைக்கும், மழையில் செடிகள் அழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும், வேலூரில் தோட்டம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. சித்திரையில் கொத்தமல்லி போட்டால் ஒரு சாண் வளருவதற்குள் பூத்துவிடும். அதே விதையை இரண்டாக உடைத்து, கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்துத் தூவிப் பாருங்கள், இலை எப்படித் தழைக்கிறது என்று. முள்ளங்கியும் போடுங்கள், 45 நாளில் பிடுங்கலாம்.

மாடியில் முப்பது தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் மழை பெய்ததும் கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன, தக்காளி இரண்டு செத்தே போச்சு. இத்தனை ஈரம் இருந்தும் ஏன் வாடுகிறது?
(காட்பாடி வாசகர்)

ஈரம் இருப்பதால்தான் வாடுகிறது ஐயா. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும், மண் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, செடி தலை தொங்கும், அதைப் பார்த்துவிட்டு நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு ஓடியதே, அந்த வாரம் என் மாடியில் ஆறு வருஷத்துக் கறிவேப்பிலைச் செடி இப்படித்தான் போனது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித் துளையை வேரும் மண்ணும் அடைத்திருந்தது. அதிலிருந்து புரட்டாசி கடைசியில் ஒவ்வொரு தொட்டியாகச் சாய்த்து, அடித் துளையில் குச்சி விட்டுப் பார்த்துவிடுகிறேன்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். தொட்டியைத் தரையோடு வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். அடித்தட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், அதில் தேங்கும் தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு கொசு உருவாகிவிடும். தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த தொட்டிகள்தான் முதலில் அழுகும், கோடையில் அது வரம், மழையில் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மண் கலக்கும்போது செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்று போட்டுப் பாருங்கள்.

செடி வாடாமல் நின்று, இலை மட்டும் வெளுத்திருந்தால் அது வேறு. மழை மண்ணிலிருந்த சத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். மழை விட்டு மேல்மண் காய்ந்த பிறகு, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தோடு ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (கெட்ட பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சைப் பொடி) கலந்து போடுங்கள், வேரழுகலுக்கும் நல்லது. எங்கே கிடைக்கும் என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது மட்டும் உரம் வைக்காதீர்கள், அத்தனையும் மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்குத்தான் போகும்.

கோடையில் நன்றாக இருந்த செடிகள் இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நெட்டையாக வளர்கின்றன. இடத்தை மாற்றவே இல்லையே?
(ராணிப்பேட்டை வாசகி)

நீங்கள் மாற்றவில்லை, சூரியன் இடம் மாறிவிட்டது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் ஊரில் உச்சி வெயில் கொஞ்சம் வடக்கிலிருந்து விழும். டிசம்பர் 21 வாக்கில் மதியத்தில்கூட சூரியன் 54 டிகிரி உயரத்தில் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். தெற்கே பத்தடிச் சுவர் இருந்தால் வடக்கே ஏழடிக்கு நிழல், அதுவும் நட்டநடு மதியத்தில். ஆகவே தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த தொட்டிகளை வடக்குப் பக்கம் நகர்த்துங்கள். காய்கறிக்கு முதல் இடம், கீரைக்கு அடுத்தது, மணி பிளான்ட் போன்றவை நிழலிலேயே கிடக்கட்டும். பங்குனியில் திரும்பவும் மாற்ற வேண்டியிருக்கும்.

குண்டு மல்லி மொட்டே விடவில்லை. சாமந்தியும் இலையாகவே நிற்கிறது. என்ன உரம் போடலாம்?
(பாகாயம் வாசகி)

மல்லிக்கு ஒன்றும் போடாதீர்கள். குளிரில் அது ஓய்வெடுக்கும். மூடாதீர்கள், வெட்டாதீர்கள் என்று மேலே சொன்னேனே, அதற்கு விலக்கு இந்தச் செடிதான். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, தண்ணீரைக் குறைத்து, தை பிறந்ததும் எரு வையுங்கள். வெயில் ஏற ஏறப் பூக்கும். முல்லையை இப்போது தொடாதீர்கள், அதற்கு ஜனவரிக் கடைசி.

சாமந்திக்கு உரத்தைவிட இருட்டு முக்கியம். பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் அது மொட்டு கட்டும். வாசல் விளக்கோ தெருவிளக்கோ ராத்திரி முழுக்க அதன் மேல் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் தொட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் வையுங்கள்.

முருங்கை மரத்தில் கொத்துக் கொத்தாகக் கம்பளிப்பூச்சி. குழந்தைகள் இருக்கிற வீடு, பயமாக இருக்கிறது.
(குடியாத்தம் வாசகர்)

பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும், கிளைக்கு ஏறிவிட்டால் கஷ்டம். சோப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கரைத்து நனையும்படி பீய்ச்சி அடியுங்கள், விழுந்ததைக் கூட்டிப் புதையுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முடி பட்டால் அரிக்கும். பந்தம் கொளுத்திக் காட்டும் பழக்கம் உண்டு, மரப்பட்டை வெந்துபோகும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

எங்கள் இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. வேலை செய்ய முடியவில்லை, தோட்டத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆசை. என்ன வைக்கலாம்? அவரையில் கறுப்பாக அசுவினிப் பூச்சி வேறு.
(ஆரணி வாசகி)

இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஒரு பவழமல்லி வையுங்கள் அம்மா. ராத்திரியில் பூத்து விடியலில் தானாக உதிரும், பறிக்க ஏற வேண்டாம், கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்தால் போதும். வேலியோரம் டிசம்பர் பூ, அது தண்ணீர்கூட அதிகம் கேட்காது. மார்கழியில் ஆறரை மணிக்கு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், ஒரு மணி நேரம் பனி இலையில் நிற்பதைப் பார்க்கலாம். வாசலில் கோலத்துக்குப் பரங்கிப்பூ பறிப்பதானால் காம்பு மெல்லியதாக இருக்கும் ஆண் பூவை மட்டும் பறியுங்கள், பூவுக்குக் கீழே சின்னப் பிஞ்சு இருந்தால் விட்டுவிடுங்கள், அது காயாகும்.

அசுவினிக்கு, அந்தப் பனி ஈரத்தோடேயே விறகடுப்புச் சாம்பலைத் தூவுங்கள், இலையில் ஒட்டும். பொறிவண்டு நடமாட்டம் இருந்தால் அதுவும் வேண்டாம், அசுவினியை அதுவே தின்று தீர்த்துவிடும்.

எலவம்பாடி முள்ளு கத்திரி தொட்டியில் வருமா?
(வாலாஜா வாசகர்)

தாராளமாக வரும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்க் கத்திரி, நம் மாடியில் இல்லாமல் எப்படி? டிசம்பர், ஜனவரியில் விதையுங்கள், 30, 35 நாளில் நாற்றைப் பிடுங்கி ஒன்றேகால் அடி ஆழத் தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். காயைக் கையால் திருகாதீர்கள், காம்பிலேயே முள் இருக்கும், கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள்.